ஓர் உறையில் இரு வாள்

"ஓர் உறையில் இரு வாள் தங்காது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மாணவர்களே, இந்தப் பழமொழி கணினிக்குப் பொருந்துமா? ஒரே மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் தங்க முடியுமா?

விடை தேட நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடியில் திரேஸ்புரத்திலோ, முத்தையாபுரத்திலோ, புன்னைக்காயலிலோ பல வீடுகளின் அலமாரிகளில் விடை உறங்கிக்கொண்டிருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் படித்தவர்கள் மடிக்கணினி பெற்றார்கள். தொடக்க ஆண்டுகளில் வந்த அந்தக் கணினிகளை இயக்கினால் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். ஒரு வரியில் விண்டோஸ் 7. இன்னொரு வரியில் பாஸ் லினக்ஸ். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். 'பாஸ்' என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது.

ஆகவே, இரு வாள்கள் ஓர் உறையில் தங்கத்தான் செய்தன. எப்படி? இதைத் தெரிந்துகொள்வதில் நமக்கு ஒரு பயனும் உண்டு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதன் நிறுவனம் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படியானால் உங்கள் அக்காள் படித்த மடிக்கணினி குப்பைக்குத்தான் போக வேண்டுமா? வேண்டாம். பழைய இயங்குதளத்தையும் அதிலுள்ள கோப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு புதிய லினக்ஸை இட்டு, அதற்கு இன்னும் சில ஆண்டுகள் வாழ்வு கொடுக்கலாம்.

ஆனால், தெரியாமல் கை வைத்தால் ஒரே நொடியில் வீட்டுப் புகைப்படங்களும் சான்றிதழ்ப் படிகளும் போய்விடும். எனவே முதலில் விவரத்தைப் புரிந்துகொள்வோம்.

ஒரு நேரத்தில் ஒருவரே

இயங்குதளம் என்பது கணினியின் நினைவகம், திரை, விசைப்பலகை, வன்தட்டு ஆகிய எல்லாவற்றையும் ஆளும் தலைமை நிரல். கப்பலுக்கு ஒரு கப்பல் தலைவர் போல. ஒரு கப்பலில் ஒரே சமயத்தில் இரண்டு தலைவர்கள் கட்டளை இட்டால் என்ன ஆகும்? கப்பல் கரை சேராது. கணினியும் அப்படித்தான்.

இரட்டை இயங்குதள முறையின் மர்மம் இதுதான்: இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. விண்டோஸ் ஓடும்போது லினக்ஸ் வன்தட்டில் வெறும் கோப்புகளாகக் கிடக்கும். லினக்ஸ் ஓடும்போது விண்டோஸ் அவ்வாறே கிடக்கும். உறையில் இரு வாள் இருந்தாலும், கையில் எப்போதும் ஒன்றுதான்.

ஒன்றன் உள்ளே மற்றொன்றை ஒரே நேரத்தில் ஓடவிடும் முறையும் உண்டு. ஆனால் அப்போது நினைவகத்தை இரண்டும் பங்குபோட வேண்டும். 2 ஜி.பி. நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினி அதைத் தாங்காது. நம் முறையிலோ, ஓடுகிற இயங்குதளத்துக்கு நினைவகம் முழுவதும் கிடைக்கும்.

ஒன்றையொன்று சந்திக்காத இந்த இருவரும் மூன்று பொருள்களை மட்டும் பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். வன்தட்டு ஒன்று, தொடக்க நிரல் இரண்டு, கடிகாரம் மூன்று. தகராறு வந்தால் இந்த மூன்றில்தான் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் பொருள்: வன்தட்டு

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தை உங்கள் தாத்தா சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு 1961. கரைக்கு வந்த சிப்பிகளைக் குவியல்களாகப் பிரித்து, அரசுக்கு ஒரு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்குவார்கள். இப்போது ஒரு கற்பனை செய்யுங்கள். எந்தக் குவியல் யாருடையது என்பது ஒரு பேரேட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பேரேடு கிழிந்துவிட்டால்? சிப்பிகள் எல்லாம் கரையிலேயேதான் இருக்கும். ஆனால் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

வன்தட்டும் இப்படித்தான் பங்கிடப்படுகிறது. ஒரு பகுதி விண்டோஸுக்கு, ஒரு பகுதி லினக்ஸுக்கு. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் போகிறது என்பதை எழுதி வைத்த பேரேடு, பகுதி அட்டவணை எனப்படும். அது கெட்டால், கோப்புகள் தட்டில் இருந்தும் இல்லாதவை ஆகிவிடும்.

பழைய முறையில் இந்தப் பேரேடு மிகச் சிறியது. வன்தட்டின் முதல் துண்டில் 512 பைட்டுகள் உண்டு. அவற்றுள் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு. 64 பைட்டுகள் அட்டவணைக்கு. கடைசி 2 பைட்டுகள் அடையாள முத்திரை. கூட்டிப் பாருங்கள், 512 வரும். ஒரு பகுதியின் விவரத்தை எழுத 16 பைட்டுகள் வேண்டும். 64-ஐ 16-ஆல் வகுத்தால் 4. ஆகவே பழைய முறைக் கணினிகளில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் இருக்க முடியாது. விண்டோஸே நான்கையும் பிடித்துக்கொண்டிருந்தால் ஐந்தாவதற்கு இடமில்லை என்று கணினி மறுத்துவிடும். தட்டில் காலியிடம் இருக்கிறதே என்று நாம் குழம்புவோம். காலியிடம் உண்டு, பேரேட்டில்தான் வரி இல்லை! இதற்காகவே ஒரு முதன்மைப் பகுதியை 'விரிவுப் பகுதி'யாக்கி, அதற்குள் பல சிறு பகுதிகளை அமைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். புதிய கணினிகளில் உள்ள ஜி.பி.டி. என்ற அட்டவணையில் வழக்கமாக 128 பகுதிகளுக்கு வரி உண்டு. அங்கே இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். 320 ஜி.பி. என்று அச்சிட்ட வன்தட்டை விண்டோஸ் 298 ஜி.பி. என்று காட்டும். திருட்டு ஒன்றும் நடக்கவில்லை. தயாரிப்பவர் ஒரு ஜி.பி. என்பதை 100 கோடி பைட்டுகளாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 இலட்சத்துச் சொச்சம் பைட்டுகளை ஒரு ஜி.பி. என்கிறது. லினக்ஸின் பல கருவிகள் தயாரிப்பவரின் கணக்கையே பின்பற்றுகின்றன. எனவே விண்டோஸில் 100 ஜி.பி. என்று நீங்கள் ஒதுக்கிய இடம் லினக்ஸில் ஏறத்தாழ 107 என்று தெரியலாம். இரு கடைகளில் இருவேறு மரக்கால். அளவு ஒன்றே என்பதை அறிந்தால், தவறான பகுதியைத் தொட்டுவிட மாட்டீர்கள்.

விண்டோஸ் தானாக லினக்ஸ் பகுதியைப் படிக்காது. அதன் தட்டு வரைபடத்தில் லினக்ஸின் இடம் பெயரில்லாத ஒரு பகுதியாகவே தெரியும். "சும்மாதானே கிடக்கிறது" என்று அதை அழித்து இழந்தவர்கள் பலர். லினக்ஸோ விண்டோஸின் பகுதியைப் படிக்கவும் எழுதவும் வல்லது. அந்த வல்லமையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

விண்டோஸ் 8 முதற்கொண்டு 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதி வந்தது. கணினியை நிறுத்தும்போது விண்டோஸ் முழுவதும் நின்றுவிடுவதில்லை. தன் மையப் பகுதியின் நிலையைத் தட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. மறுநாள் அதைப் படித்துக்கொண்டு சீக்கிரம் எழுந்துவிடுகிறது. கணக்குப்பிள்ளை ஒருவர் பேரேட்டை மனப்பாடம் செய்துகொண்டு தூங்கியது போல. அவர் தூங்கும்போது வேறொருவர் பேரேட்டில் வரிகளை மாற்றிவிட்டால்? எழுந்தவர் பழைய மனப்பாடத்தை நம்பி மேலே மேலே எழுதுவார்; கணக்கு முழுவதும் பாழ். உறங்கும் விண்டோஸின் பகுதியில் லினக்ஸ் எழுதினால் இதுவே நடக்கும். லினக்ஸ் பெரும்பாலும் இதைக் கண்டறிந்து எழுத மறுக்கும். ஆனாலும், விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளுக்குச் சென்று விரைவுத் தொடக்கத்தை முன்கூட்டியே நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

இரண்டாம் பொருள்: தொடக்க நிரல்

கணினியைத் தொடக்குவதை 'பூட்' செய்வது என்கிறோம். காலில் போடும் பூட்சிலிருந்து வந்த சொல்தான் இது! பூட்சின் பின்புற வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. கணினியின் நிலையும் அதுதான். மின்சாரம் இல்லாதபோது நினைவகம் வெறுமை. இயங்குதளத்தைத் தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவது யார்?

இந்தச் சிக்கலைப் படிப்படியாக அவிழ்க்கிறார்கள். தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. மின்சாரம் போனாலும் அதிலுள்ள நிரல் அழியாது. பழைய கணினிகளில் அதற்கு பயாஸ் என்றும், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் பெயர். பொத்தானை அழுத்தியதும் அதுதான் முதலில் விழிக்கிறது. நினைவகம், விசைப்பலகை முதலியன சரியாக உள்ளனவா என்று சோதிக்கிறது. பிறகு தட்டில் உள்ள தொடக்க நிரலை எடுத்து ஓட விடுகிறது. தொடக்க நிரல் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகுகிறது.

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இது, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்குள் அமைந்தது. கப்பல் புறப்படும்போது துறைமுகத்தின் பைலட் அதில் ஏறி, சுவர்களுக்கு இடையே உள்ள வாயில் வழியாக வெளிக்கடலுக்கு வழிகாட்டுவார். பிறகு கயிற்றேணி வழியே தம் படகில் இறங்கிவிடுவார். அப்புறம் கப்பலின் போக்குக்கும் அவருக்கும் தொடர்பில்லை. தொடக்க நிரலின் வேலையும் அவ்வளவே.

இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் இந்தப் பைலட் நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்பார்: "எந்தக் கப்பலை வெளியே எடுக்கட்டும்?" அதுதான் திரையில் தோன்றும் பட்டியல். லினக்ஸோடு வரும் தொடக்க நிரலுக்கு கிரப் என்று பெயர். அது விண்டோஸையும் அறியும், லினக்ஸையும் அறியும். விண்டோஸின் தொடக்க நிரலோ லினக்ஸைத் தானாகத் தேடிப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையில் நிறுவ வேண்டும். மாற்றிச் செய்தால், பழைய முறைக் கணினியில் விண்டோஸ் அந்த 446 பைட்டுகளில் தன் நிரலை எழுதிவிடும். கிரப் மறைந்துபோகும். கணினி நேராக விண்டோஸுக்குள் நுழையும். "லினக்ஸ் அழிந்துவிட்டது" என்று சர்வீஸ் கடை அண்ணாச்சியிடம் ஓட வேண்டாம். லினக்ஸ் பத்திரமாகத்தான் இருக்கிறது, பைலட்தான் மாறிவிட்டார். லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, கிரப்பை மறுபடி எழுதிவிட்டால் பட்டியல் திரும்பி வரும். புதிய கணினிகளில் தொடக்க நிரல்களுக்கென்றே ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே இரண்டின் நிரல்களும் தனித்தனி அடைவுகளில் அருகருகே இருக்கும். எதை முதலில் அழைப்பது என்ற வரிசையை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

மூன்றாம் பொருள்: கடிகாரம்

லினக்ஸை நிறுவிய மறுநாள் விண்டோஸுக்குள் போகிறீர்கள். மாலை 4 மணி. கணினியோ காலை 10.30 என்கிறது! சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. கடிகாரம் கெட்டுவிட்டதா?

இல்லை. தாய்ப்பலகையில் ஒரு சிறு மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இருக்கிறது. கணினி அணைந்திருந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதில் உள்ளது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்கிறது. லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரமாக மாற்றுகிறது. இந்தியாவின் நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பூமி 15 பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகும். 82½-ஐ 15-ஆல் வகுத்தால் 5½. நீங்கள் பூகோள வகுப்பில் படித்த அதே ஐந்தரை மணி, இங்கே கணினிக்குள் வந்து நிற்கிறது!

கடலோடிகளுக்கு இது புதிதல்ல. கப்பல் எந்தத் துறையில் நின்றாலும் திசை கணிப்புக்கு உலகப் பொது நேரம். சரக்கு இறக்க உள்ளூர் நேரம். இரண்டையும் குழப்பாமல் வைத்திருப்பார்கள். நாமும் இரு இயங்குதளங்களையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றுவது எளிய வழி. சில லினக்ஸ் பதிப்புகள் நிறுவும்போதே விண்டோஸைக் கண்டு, தாமே இதைச் சரிசெய்துகொள்ளும்.

கை வைக்குமுன்

இப்போது முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஆசிரியரோ விவரம் தெரிந்தவரோ அருகில் இருக்கும்போது செய்யுங்கள். பள்ளிக்கோ பிறருக்கோ சொந்தமான கணினியில் செய்யாதீர்கள்.

1. வேண்டிய கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு தட்டிலோ பென் டிரைவிலோ படியெடுங்கள். அவற்றை இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறக்காத படி, படியே ஆகாது.

2. புதிய கணினிகளில் தட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அப்படியானால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணை முன்பே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை எல்லாம் வேலை செய்கின்றனவா? பழைய கணினிக்குக் குறைந்த நினைவகத்தில் ஓடும் பதிப்பாகத் தேர்ந்தெடுங்கள். அன்று அரசுக் கணினியோடு வந்த பாஸ் பதிப்பும் இன்று பழையதாகிவிட்டது. அதையே நம்பி இணையத்தில் உலவ வேண்டாம்.

4. விரைவுத் தொடக்கத்தை நிறுத்துங்கள். பிறகு விண்டோஸின் சொந்தத் தட்டு மேலாண்மைக் கருவியாலேயே அதன் பகுதியைச் சுருக்கி, காலியிடம் உண்டாக்குங்கள். 40 அல்லது 50 ஜி.பி. தாராளம்.

5. மின்னேற்றியைச் செருகிவிட்டு நிறுவலைத் தொடங்குங்கள். நடுவில் மின்கலம் தீர்ந்தால் பேரேடு பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும்.

6. நிறுவும் நிரல், "விண்டோஸின் அருகே நிறுவவா? தட்டு முழுவதையும் அழித்து நிறுவவா?" என்ற பொருளில் கேட்கும். இந்த ஓரிடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நிதானமாகப் படித்து முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

முடிந்ததும் கணினியை மீண்டும் தொடக்கிப் பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு இயங்குதளங்களுக்குள்ளும் ஒருமுறை போய்க் கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

செய்து பாருங்கள்

நிறுவ வசதியில்லாதவர்களும் ஆபத்தில்லாத ஒரு சோதனை செய்யலாம். பள்ளியிலோ வீட்டிலோ உள்ள ஒரு கணினியின் தட்டு வரைபடத்தைத் திறங்கள். எதையும் மாற்ற வேண்டாம்; பார்த்தால் போதும். எத்தனை பகுதிகள்? ஒவ்வொன்றும் எவ்வளவு? கூட்டுத்தொகை, தட்டின் மேல் அச்சிட்ட அளவோடு ஒத்துப்போகிறதா? வேறுபாடு 1024-ஆல் வந்ததா என்று கணக்கிடுங்கள்.

லினக்ஸின் கருவை 1991-இல் எழுதி வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். தம் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலே அவரைத் தூண்டியது. அலமாரியில் உறங்கும் மடிக்கணினியை வெளியே எடுங்கள். தூசியைத் துடையுங்கள். முதலில் கோப்புகளைப் படியெடுங்கள். இனி அதன் பொத்தானை அழுத்தும்போது, சில்லு விழிப்பதும், பைலட் ஏறுவதும், தலைவர் சுக்கானைப் பிடிப்பதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.